மூளைப் பதிவிலிருந்து படத்தை இனங்காணல் (2008 ஆய்வு) – ஒரு மதிப்பீடு

கெண்ட்ரிக் கே, ஜாக் கேலன்ட் உள்ளிட்ட நால்வர் 2008ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, பார்வைப் புறணியின் எஃப்.எம்.ஆர்.ஐ. பதிவுகளைக் கொண்டு, ஒருவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்று இனங்காண முயன்றது. இது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாகும்.

செய்முறை

எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி நரம்பணுக்களின் மின்துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. அவை செயல்படும்போது இரத்த ஓட்டத்திலும் ஆக்சிசன் அளவிலும் ஏற்படும் மாற்றத்தையே அளக்கிறது. இம்மாற்றம் சில நொடிகள் தாமதமாகவே உச்சம் அடையும். வோக்சல் எனப்படும் ஒவ்வொரு சிறு கனப்பகுதியிலும் ஏராளமான நரம்பணுக்கள் அடங்கியிருக்கும்.

இருவருக்கு 1,750 கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் காட்டப்பட்டன. ஒவ்வொரு வோக்சலும் காட்சியின் எந்த இடத்துக்கு, எந்தச் சாய்வுக்கு, எந்த அளவு நுணுக்கத்துக்கு மறுவினை காட்டுகிறது என்பது கணிக்கப்பட்டது. பின்னர் 120 புதிய படங்கள் காட்டப்பட்டன. ஒவ்வொரு படத்துக்கும் எழக்கூடிய பதிவை மாதிரி முன்கணித்தது. உண்மைப் பதிவுடன் மிகவும் ஒத்துப்போன படமே விடையாகக் கொள்ளப்பட்டது.

நிறைகள்

ஒருவருக்கு 92 விழுக்காடும் மற்றவருக்கு 72 விழுக்காடும் விடைகள் சரியாக இருந்தன. குருட்டாம்போக்கில் சொன்னால் 0.8 விழுக்காடே சரியாகும். பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களைச் சோதனையில் சேர்க்காதது இவ்வாய்வின் பெரும்பலம். பாடம் நடத்திய கணக்கையே தேர்விலும் கேட்டால் மாணவனின் அறிவை அளக்க முடியாது. தரவுப் பகுப்பாய்வுக்கும் அதே நெறி பொருந்தும்.

குறைகள்

மேற்கண்ட விழுக்காடுகள், ஒவ்வொரு படத்தையும் 13 முறை காட்டிப் பதிவுகளைச் சராசரியாக்கிப் பெற்றவை. ஒரே முறை காட்டிய பதிவில் அவை 51, 32 எனக் குறைந்தன. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடும் சிறிதன்று. இரண்டே பேரைக் கொண்டு அனைவருக்குமான முடிவைக் கூற இயலாது.

மேலும், இங்கு நடந்தது கொடுக்கப்பட்ட தொகுப்பிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தலே. தொகுப்பில் இல்லாத காட்சியை இம்முறை தானாக வரைந்து காட்டாது. நினைவு, எண்ணம், பொய் ஆகியவை சோதிக்கப்படவே இல்லை.

மதிப்பீடு

ஆகவே இதை "மனத்தைப் படிக்கும் கருவி" என்பது மிகை. அம்மிகை, இத்தகைய பதிவுகளை ஒருவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளும் எண்ணத்துக்கு இடம் தரக்கூடும். பார்வைப் புறணியின் தொடக்கப் பகுதிகள் காட்சியை எவ்வாறு பகுத்துக்கொள்கின்றன என்ற கருத்தை எண்களால் சோதித்துக் காட்டியதே இவ்வாய்வின் உண்மையான சாதனை ஆகும்.