உந்தலும் அடக்கமும்: இரு திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

தன்னடக்கம் பற்றிய வழமையான கருத்து மிக எளிமையானது. இச்சை ஒருபுறம் இழுக்க, மனவலிமை மறுபுறம் தடுக்கிறது, தடுக்கவியலாதவன் பலவீனன். இணையவழி ஆபாசப் படங்களுக்கு ஆட்பட்டோர் பற்றிய பேச்சுக்களிலும் இக்கருத்தே மேலோங்கி நிற்கின்றது. இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் படைப்புக்களாக ஸ்டீவ் மக்குயின் நெறிப்படுத்திய ‘ஷேம்’ (2011), ஜோசப் கோர்டன் லெவிற் எழுதி நெறிப்படுத்தி நடித்த ‘டொன் ஜோன்’ (2013) ஆகிய இரு திரைப்படங்களையும் குறிப்பிடலாம். முன்னையது துன்பியற் பாங்கானது. பின்னையது நகைச்சுவை சார்ந்தது. எனினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே.

இரு கதாநாயகர்களிடத்தும் முதலில் மனங்கொள்ளத்தக்கது அவர்களது ஒழுங்காகும். நியூ ஜேர்சி இளைஞனான ஜோன் தனது உடலையும் வீட்டையும் காரையும் கண்ணுங்கருத்துமாகப் பேணுகிறான். ஞாயிறு தோறும் தேவாலயம் செல்கிறான். நியூயோர்க் நகரத்து அலுவலகமொன்றிற் பணிபுரியும் பிரண்டனின் வீடும் உடையும் அப்பழுக்கற்றவை. முன்பின் யோசியாது எதிலும் பாய்பவர்களாக இவர்களைக் கருதுதல் பொருந்தாது. வாழ்வின் பிற துறைகளிற் போதிய தன்னடக்கம் உடையோர் ஒரு துறையில் மட்டும் அதனை இழந்து நிற்பதேன் என்பதே இப்படங்களின் மையப் பிரச்சினை எனலாம்.

உளவியலாளர் நடுவேயும் இது தீர்ந்துவிட்ட பிரச்சினையன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட தனது கைந்நூலின் ஐந்தாம் பதிப்பில் ‘மிகைப் பாலியற் குறைபாடு’ என முன்மொழியப்பட்டதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால், 2019 இல் ஏற்கப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பதினோராம் பதிப்பு, கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தையை உந்தற் கட்டுப்பாட்டுக் குறைபாடுகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. பன்முறை முயன்றும் குறைக்க இயலாமை, தீங்கு நேர்ந்த பின்னரும், இன்பம் அற்றுப்போன பின்னருங்கூடத் தொடர்தல் என்பன அதன் இயல்புகளாகக் கூறப்பட்டுள்ளன. ஒழுக்கம் பற்றிய நம்பிக்கையினால் மட்டும் எழும் மனவருத்தம் இக்குறைபாட்டுக்குச் சான்றாகாது எனவும் அது எச்சரிக்கின்றது. குற்றவுணர்வு வேறு, கட்டுப்பாடிழத்தல் வேறு என்பதே இதன் கருத்து.

இவ்வேறுபாட்டை ‘டொன் ஜோன்’ நயமாகக் காட்டுகிறது. வாரந்தோறும் பாவசங்கீர்த்தனத்தில், எத்தனை முறை படம் பார்த்தான் என்பதை ஜோன் எண்ணிக்கையாகவே ஒப்புவிக்கிறான். பாதிரியாரும் இத்தனை செபங்கள் என எண்ணிக்கையாகவே பரிகாரம் விதிக்கிறார். அச்செபங்களை அவன் உடற்பயிற்சிக் கூடத்திற் பளு தூக்கியவாறே சொல்லி முடிக்கிறான். குற்றமும் பரிகாரமும் கணக்காகிவிட்ட இடத்தில், அடக்கம் என்பதும் பழக்கத்தின் மற்றொரு பகுதியாகி விடுகின்றது. பிற்பகுதியில் அவ்வெண்ணிக்கையின் அடிப்படையை அவன் வினவும்போது தக்க விளக்கம் கிடைப்பதில்லை.

‘ஷேம்’ இதனினும் ஆழமாகச் செல்கிறது. தங்கை சிசியுடன் பூசல் நேர்ந்த பின், பிரண்டன் தன்னிடமிருந்த சஞ்சிகைகளையும் மடிக்கணினியையும் குப்பையில் எறிகிறான். மனவலிமைக் கோட்பாட்டின்படி இதுவே வெற்றிக் கணமாக இருத்தல் வேண்டும். ஆனால் தான் உண்மையில் விரும்பும் சக ஊழியை மரியானுடன் தனித்திருக்கையில் அவன் உடல் ஒத்துழைக்க மறுக்கிறது. அவள் சென்றபின் விலைமாதொருத்தியிடம் அத்தடை இல்லை. ஆகவே அவனால் தாங்கமுடியாதது இச்சையன்று, நெருக்கமே என்பது புலனாகின்றது. திரை திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. அவனது பழக்கம் கட்டுப்பாட்டின் இன்மையன்று; பிறரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் பிழைபட்ட கட்டுப்பாடு.

இரு படங்களிலும் குறைபாடுகள் இல்லாமலில்லை. கணவனையும் மகனையும் விபத்தில் இழந்த எஸ்தர் என்ற மூத்த பெண்ணின் பரிவினால் ஜோன் மீட்சியடைவது, நம்பத்தக்கதாயினும், மிக விரைவில் நிகழ்ந்துவிடுகிறது. அவளது துயரம் அவனது கல்விக்கான கருவியாகச் சுருங்குகிறது. ‘ஷேம்’ உடன்பிறப்புக்களின் இளமைக்காலக் காயத்தைச் சாடையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. இவற்றினும் முக்கியமானது, அப்படங்களில் நடிக்கும் பெண்கள் எவர், அவர்தம் உழைப்பில் ஆதாயமடைவோர் எவர் என்னும் வினாவை இரண்டுமே தொடாமை. உணவு விளம்பரத்திற்கூடப் பெண்ணுடல் பண்டமாவதை ‘டொன் ஜோன்’ சுட்டிக்காட்டுகிறது. ஆயினும் அச்சுட்டலைச் சமூக விமரிசனமாக அது வளர்த்தெடுக்கவில்லை. இடையறாது பண்டத்தை நீட்டும் சந்தையை விடுத்துத் தனிமனிதனின் உந்தலை மட்டும் நோயெனக் கருதுதல் பாதி உண்மையே.

எனினும், இப்படங்களின் பெறுமதி குறைந்துவிடவில்லை. இத்தகைய பழக்கத்துக்கு ஆளான இளைஞனைச் சமூகம் இருவகையில் எதிர்கொள்கிறது: ஒன்று ஏளனம், மற்றது உபதேசம். இரண்டும் அவனது வெட்கத்தைப் பெருக்குவன. வெட்கம் ஒளிவிடத்தைத் தேடும். அவனறிந்த ஒளிவிடமோ அத்திரையே. தன்னடக்கம் தனியறையிற் பல்லைக் கடித்துக்கொண்டு ஈட்டப்படுவதன்று. கேட்கவும் மறுமொழி கூறவும் மற்றொருவர் இருக்குமிடத்திலேயே அது வேரூன்றுகிறது. ‘ஷேம்’ அதன் இழப்பையும் ‘டொன் ஜோன்’ அதன் சாத்தியத்தையும் காட்டுகின்றன. ஒன்றன் குறையை மற்றது நிரப்புவதால், இரண்டையும் சேர்த்து நோக்குதலே பயனுடையது.