கொர்பூசியேயும் நம் அடுக்குமாடிகளும்

கோலாலம்பூர் அடுக்குமாடிகளின் குறைகளுக்கெல்லாம் நவீனக் கட்டடக் கலையின் முன்னோடி லெ கொர்பூசியேயைப் (1887-1965) பொறுப்பாளியாக்குவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்று பாதியே உண்மை என்பது நம் துணிபு.

அவர் மார்செய் நகரில் எழுப்பி 1952இல் நிறைவுற்ற குடியிருப்பை நோக்குவோம். அதிலுள்ள 337 வீடுகளும், தனியர் முதல் பெருங்குடும்பம் வரை கருத்தில்கொண்டு, 23 வகைகளாக வகுக்கப்பட்டவை. பெரும்பாலான வீடுகள் கட்டடத்தின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் வரை நீள்வதால் காற்று ஊடே செல்லும். இடைமாடியில் கடைத்தெரு, மொட்டைமாடியில் மழலையர் பள்ளி. தரைத்தளமோ பருத்த தூண்களுக்கிடையே திறந்து விடப்பட்டது.

இவற்றுள் நம் நகரம் எதனை ஏற்றது? 1960களில் பெக்கெலிலிங் சாலையோரம் (இன்றைய துன் ரசாக் சாலை) 17 மாடிகள் கொண்ட 7 தொகுதிகள் எழுந்தன. ஏறத்தாழ 3,000 வீடுகள், 40 கடைகள். டென்மார்க்கு முறைப்படி முன்வார்ப்புக் கான்கிரீட்டுப் பலகைகளைப் பொருத்தி விரைந்து கட்டினர். வீட்டுத் தேவையின் நெருக்கடி அன்று மெய்யானது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் உயரம் வந்தது, ஒரே வார்ப்பு வந்தது; வகை வரவில்லை. 2010களில் அவையும் இடிக்கப்பட்டன.

சுங்கை வே வட்டாரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் இவ்விடுபாடு நம்மவர் வாழ்வைத் தொடுகிறது. தோட்டத் துண்டாடலுக்குப்பின் லயத்தையும், பின்னர்ப் புறம்போக்குக் குடிலையும் விட்டு மாடியேறியவர் பலர். 1982ஆம் ஆண்டு வரையறைப்படி மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட், பரப்பு 550 முதல் 600 சதுர அடி, படுக்கையறை இரண்டு. பாட்டி, பெற்றோர், மணமாகாத மாமா, பிள்ளைகள் நால்வர் என்னும் குடும்பம் இவ்வரையறையுள் எங்கே அடங்கும்? (லயத்தைப் பற்றி ஆய்வேடு எழுத விரைந்து வரும் நம் மாணவர், அடுக்குமாடி என்றதும் தயங்குவது ஏனோ!)

கொர்பூசியேயும் குற்றமற்றவர் அல்லர். 183 செ.மீ. உயர ஆடவன் ஒருவனின் உடலையே அவர் அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவுகோலில் கிழவியும் குழந்தையும் இல்லை. எனினும் அவரது திறந்த தரைத்தளம் இங்கே அவர் எண்ணாத பயனைத் தந்துள்ளது. லயத்து வாசலில் நிகழ்ந்தவை பலவும் இன்று அங்கேதான் நிகழ்கின்றன. இறப்பு நேர்ந்தால், தூண்களுக்கிடையே பாயும் நாற்காலிகளும் விரிகின்றன, பறை முழங்குகிறது. தரைத்தளத்தையும் வீடுகளாக அடைத்துவிட்ட கட்டடங்களில், வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் அடித்து, மழைக்கு அஞ்சியபடி பிணத்தைக் கிடத்துகின்றனர்.