அன்னோ 1800: வரி போடாமல் நகரம் நடத்துவது

அன்னோ 1800 விளையாட்டில் கஜானா வற்றத் தொடங்கினால் வரியை ஏற்றிச் சமாளிக்க முடியாது. அப்படியொரு வசதியே இதில் கிடையாது. மக்கள் கேட்கும் பொருள் கிடைத்தால்தான் வீடுகளில் ஆள் சேரும், காசும் வரும். யுபிசாஃப்டின் ப்ளூ பைட் ஸ்டூடியோ உருவாக்கி 2019 ஏப்ரலில் வந்த இந்த விளையாட்டை இன்றும் விடாமல் ஆட வைப்பது இந்த ஏற்பாடுதான்.

ரொட்டியைப் பாருங்கள். தானியப் பண்ணைக்கு ஒரு சுற்று 60 வினாடி, மாவு ஆலைக்கு 30, பேக்கரிக்கு 60. அதாவது, இரண்டு பண்ணைக்கும் இரண்டு பேக்கரிக்கும் ஒரே ஆலை போதும். பண்ணைக்கு ஒன்று என இரண்டு ஆலை கட்டினால் இரண்டும் பாதி நேரம் சும்மா கிடக்கும். பராமரிப்புச் செலவோ குறையாது.

சிக்கல் தொடங்குவது பீர் காய்ச்சும்போது. பீருக்கு மால்ட் தயாரிக்கும் கூடமும் மாவு ஆலை எடுக்கும் அதே கிடங்கின் தானியத்தைத்தான் எடுக்கும். புதுப் பண்ணை போடாமல் அதைத் திறந்தால் மாவு ஆலை பட்டினி கிடக்கும், ரொட்டி தீரும், தொழிலாளர் வீடுகளில் ஆள் குறையும், வருமானம் சரியும். திரையில் தெரிவது பணக் குறைவு. அதன் வேர் வயலில் இருக்கிறது. அந்த வேரைத் தேடிப் பிடிக்கும் சுகத்துக்காகவே இந்த விளையாட்டை எனக்குப் பிடிக்கும். நிமிடத்துக்கு எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு செலவு என்று காட்டும் புள்ளிவிவரத் திரையை அடிக்கடி திறந்து பாருங்கள்.

நிறையப் பேர் சறுக்குவது வீடுகளைத் தரம் உயர்த்துவதில். விவசாயி வீட்டில் 10 பேர், தொழிலாளி வீட்டில் 20 பேர் என்றதும் ஆசை வந்து எல்லாவற்றையும் உயர்த்திவிட்டால், வயலில் இறங்க ஆள் இருக்காது. தொழிலாளி விவசாயியின் வேலையைச் செய்யமாட்டான். ஆட்டுப் பண்ணை, உருளைக்கிழங்குப் பண்ணை எல்லாம் ஒருசேர மந்தமாகும்.

தொடக்கத்தில் கைகொடுப்பது சோப்பு. இரண்டு பன்றிப் பண்ணை, கொழுப்பு உருக்கும் கூடம் இரண்டு, சோப்பு ஆலை ஒன்று. மிஞ்சியதைச் சிறைத்தீவை நடத்தும் ஈலை பிளீக்வொர்த்துக்கு விற்றால் நல்ல விலை.

குறை ஒன்று உண்டு. கட்டடத்துக்கு எத்தனை வினாடி என்று சொல்லும் விளையாட்டு, எதற்கு எத்தனை கட்டடம் என்று சொல்வதில்லை. கணக்குப் பிடிக்காதவர்கள் தொழிலாளருக்கு அடுத்த கைவினைஞர் கட்டத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். ரம்மும் பருத்தித் துணியும் புதிய உலகத்திலிருந்து கப்பலில் வரவேண்டும் என்ற நிலை அங்கேதான் தொடங்குகிறது. கப்பல் தாமதமானால் வருமானமும் ஆடும். கணக்கு பிடிக்கும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.