சுதந்திரத்தின் பழைய வேர்

சுதந்திரம் என்னும் சொல்லைப் போற்றாதார் இல்லை. அதன் பொருள் யாது என வினவினாலோ விடைகள் பலவாகின்றன. இவ்வேற்றுமையை ஆராய்ந்து தெளிவுபடுத்த முயன்றவர்களுள் பிரெஞ்சு அறிஞர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் குறிப்பிடத்தக்கவர். பண்டையோர் சுதந்திரத்தையும் பிற்காலத்தார் சுதந்திரத்தையும் ஒப்பிட்டு, 1819-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவு அரசியல் தத்துவம் பயில்வோரால் இன்றும் படிக்கப்படுகின்றது.

அவர் கொள்கையின் சாரம் வருமாறு: கிரேக்கரும் ரோமரும் சுதந்திரம் எனக் கருதியது, குடிமக்கள் ஒன்றுகூடிச் சட்டம் இயற்றுதலும், போரா அமைதியா என முடிவு செய்தலும், நீதி வழங்குதலுமாம். தனிவாழ்விலோ அவர்கள் சமுதாயத்துக்கு முற்றும் கட்டுண்டவர்கள். பிற்காலத்தார் சுதந்திரம் அத்தகையதன்று. சட்டத்துக்கு உட்பட்டுத் தம் தொழிலையும் சமயத்தையும் கருத்தையும் இடையூறின்றிப் பேணுதலே அது.

1793, 1794-ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி விளைத்த கொடுமைகளை அறிந்த தலைமுறையினர் கான்ஸ்டன்ட். பழங்குடியரசுகளின் பெயரைச் சொல்லித் தனிமனிதனை நசுக்கிய அக்காலத்தை எண்ணியே அவர் இவ்வாறு எல்லை வகுத்தார். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அவர் வரைந்த கோடு வரலாற்றோடு பொருந்துகின்றதா என்பதே கேள்வி.

அரிஸ்டாட்டில் தரும் சான்று

அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் ஆறாம் பகுதியில், மக்களாட்சியினர் போற்றும் சுதந்திரத்துக்கு இரண்டு அடையாளங்கள் கூறுகின்றார். முறைவைத்து ஆளுதலும் ஆளப்படுதலும் ஒன்று. தான் விரும்பியவாறு வாழ்தல் மற்றொன்று. கான்ஸ்டன்ட் இரு காலத்துக்குப் பங்கிட்டுத் தந்தவை இரண்டும் ஏதென்ஸ் நகரில் ஒருங்கே பேசப்பட்டவை என்பது இதனால் விளங்கும். வணிகத்தால் வளர்ந்த ஏதென்ஸ் ஒரு விலக்கு எனக் கான்ஸ்டன்டே ஒப்புகின்றார். ஆனால் கிரேக்கச் சிந்தனையின் தலையூற்றான நகரை விலக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு பண்டையோரை அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

அரிஸ்டாட்டில் கூறும் காரணம் இன்னும் ஆழமானது. விரும்பியவாறு வாழ இயலாமை அடிமையின் இயல்பு. ஆதலின் விரும்பியவாறு வாழ்தல் சுதந்திரனின் இயல்பு என்பர் மக்களாட்சியினர். சுதந்திரத்தின் பழைய வேர் இங்கேதான் உள்ளது. அடிமை யார் என்று கண்டபின்னரே சுதந்திரன் யார் என்று அவர்கள் தெளிந்தனர். கடனுக்காக மனித உடலை ஈடு வைப்பதைச் சோலன் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுத்தபோதே, ஏதென்ஸின் ஏழைக் குடிமகனுக்கு இவ்வேறுபாட்டின் பொருள் புரிந்திருக்கும்.

ரோமர் இதனைச் சட்டமாக்கினர். மாந்தர் யாவரும் ஒன்று சுதந்திரர், அன்றேல் அடிமைகள் எனப் பிரித்தார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் கேயஸ். அவருக்கும் முந்திய புலவர் பிளாட்டஸின் மோஸ்டெல்லாரியா என்னும் நகைநாடகத்தில், எசமான் வெளியூரில் இருக்கும்வரை திரானியோ என்னும் அடிமை வீட்டையே ஆட்டிவைக்கின்றான். அவனைத் தடுப்பார் இல்லை. எசமான் திரும்பி வந்து சூழ்ச்சி வெளிப்பட்டதும், தண்டனைக்கு அஞ்சிப் பலிபீடத்தைத் தஞ்சம் அடைகின்றான். தடை இல்லாத நாள்களிலும் அவன் அடிமையே. ஏனெனில், அவன் வாழ்வு பிறர் கையில் இருந்தது.

கான்ஸ்டன்ட் தவறவிட்டது இதுவே. இடையூறு இன்மை வேறு. பிறர் தயவில் வாழாமை வேறு. குவென்டின் ஸ்கின்னர் 1998-இல் வெளியிட்ட நூலும், பிலிப் பெட்டிட் 1997-இல் வெளியிட்ட நூலும் ரோமர் தந்த இப்பொருளையே மீண்டும் எடுத்துக்காட்டின.

குறையும் கடமையும்

இவ்வாறு கூறுவதால் பண்டையோரைக் குறையற்றவர் எனக் கொள்ளலாகாது. ஏதென்ஸின் பேரவையில் பெண்களுக்கு இடமில்லை. குடியேறி வாழ்ந்த அயலார்க்கு இடமில்லை. அடிமைகளுக்கு அறவே இல்லை. சுதந்திரத்தின் பொருளை அடிமையைக் கண்டு கற்றவர்கள், அவ்வடிமைக்கு அதனை அளிக்க மறுத்தனர். பொருள் சரியானது, அதற்கு இட்ட வேலிதான் தவறானது.

கான்ஸ்டன்டுக்குரிய சிறப்பையும் மறைத்தல் ஆகாது. தனிவாழ்வின் இன்பத்தில் மூழ்கி ஆட்சியில் பங்கு கொள்வதைக் கைவிடுவது பிற்காலத்தார்க்கு நேரக்கூடிய கேடு என எச்சரித்து, இருவகைச் சுதந்திரத்தையும் இணைக்க வேண்டும் என்றே அவர் தம் உரையை முடித்தார். அவ்விணைப்புக்கு உரிய அளவுகோல் பண்டையோரிடமே உள்ளது. முதலாளியின் முகக்குறிப்புக்கு அஞ்சும் தொழிலாளியும், கணவனின் அனுமதிக்குக் காத்திருக்கும் மனைவியும், அதிகாரியின் மனநிலையைப் பார்த்து வாய் திறக்கும் குடிமகனும், தம்மை இன்று எவரும் தடுக்கவில்லை என்பதாலேயே சுதந்திரர் ஆகிவிடார். நல்ல எசமான் வாய்ப்பது நற்பேறு. எசமானே இல்லாதிருப்பதுதான் சுதந்திரம்.