ஆறாம் நாள் எங்கே போவது?

வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் நிர்பயா நிதியைக் கொண்டு 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்டன. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைந்த உஷா மெஹ்ரா ஆணையம் பரிந்துரைத்த ஏற்பாடு இது. மையம் மருத்துவமனை வளாகத்திலோ இரண்டு கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும், தங்குவது அதிகபட்சம் ஐந்து நாள் என்ற விதிகளில் அந்தப் பிறப்பின் தடம் தெரிகிறது. ஓர் இரவில் நடந்துவிடும் குற்றத்தை மனத்தில் வைத்துக் கட்டிய இடத்துக்கு, ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடிபட்டவர்களே அதிகம் வருகிறார்கள்.

அலைச்சலைக் குறைப்பதுதான் மையத்தின் பெரிய பலம். காவல் நிலையம், அரசு மருத்துவமனை, சட்ட உதவி என்று ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. கட்டைப்பையில் ரேஷன் கார்டும் பிள்ளையின் பாடப்புத்தகமுமாக இரவில் வந்து இறங்கும் பெண்ணை ஒரே வழக்குப் பணியாளர் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம், புகார் எழுத உதவலாம், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் நிகழ்வறிக்கை பதியவும் வழி செய்யலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். குடும்ப வன்முறைச் சட்டம் (2005) பெண்ணின் மனுவை நீதிமன்றம் 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. ஐந்து நாளுக்கும் அறுபது நாளுக்கும் நடுவே போக இடமில்லாதவரை நீண்டகாலத் தங்கும் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். அது வெகு தொலைவில் இருந்தால் பிள்ளையின் பள்ளி போகும், அவரது தினக்கூலியும் போகும். அடித்தவர் மட்டும் அதே வீட்டில் இருப்பார். ஆனால் அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தருகிறது. 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவும் கேட்கலாம். எத்தனை பேருக்கு அந்த உத்தரவு கிடைத்தது என்று கேட்பதே சரியான மதிப்பீடு. மையத்தின் கணக்கில் வரும் ‘முடிக்கப்பட்டவை’ என்ற கட்டம் அதைச் சொல்லாது. பேசி, எழுதி வாங்கிக்கொண்டு, கணவரோடு திருப்பி அனுப்பியதும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஆலோசனைதான் இங்கே மிக நுட்பமான இடம். அந்தச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, நீதிமன்றம் ஆணையிடும் ஆலோசனையில் எதிர்மனுதாரர் தன் வன்முறைக்கு நியாயம் சொல்ல அனுமதியில்லை. “சோறு பொங்கி வைக்கல, அதான் கை நீட்டினேன்” என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. பெண் விரும்பினால்தான் சமரசம். மையத்து மேசையில் நடப்பது நீதிமன்றம் ஆணையிட்டதல்ல என்பதால், இந்தக் காப்பு அங்கே தானாக வந்துவிடாது. பணியாளரின் பயிற்சியை நம்பித்தான் எல்லாம்.

அந்தப் பணியாளரோ தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை வரும் பெண் புதிய முகத்துக்கு முன்னால் அமர்ந்து, கல்யாணமான நாளிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்க வேண்டும்.