பிளாரன்ஸை இருவராக ரசிப்பது

இரண்டு மூன்று நாள் அவகாசத்தில் ஒரு புராதன நகரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டிய தம்பதிகள், புறப்படுவதற்கு முன்பே தங்களுக்குள் சமாதான உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டுவிடுகிறார்கள். கணவர் ஆசைப்பட்டதில் பாதி, மனைவி ஆசைப்பட்டதில் பாதி என்று ஒரு ஜாபிதா தயாராகிறது. அதில் கண்ட ஒவ்வொன்றின் முன்பும் நின்று இருவரும் ஒரே குரலில் ‘அற்புதம்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார்கள். வேறு ஊர்களுக்கு இது போதுமோ என்னவோ, இத்தாலியில் ஆர்னோ நதிக்கரையில் வீற்றிருக்கும் பிளாரன்ஸ் நகருக்குப் போதாது. அந்த நகரத்தின் சௌந்தரியம் ஏகமனதாக உண்டானதல்ல. எது அழகு, எது அழகல்ல என்பதைத் துணி வியாபாரிகளும் பொற்கொல்லர்களும் கொத்தனார்களும் பகிரங்கமாக வாதாடி, போட்டிகள் வைத்து, நடுவர்களை நியமித்து நிர்ணயம் செய்த ஊர் அது. ஆகையால் அங்கே இருவராகப் போகிறவர்கள் அபிப்பிராயபேதம் கொள்ளத் தயாராகப் போவதே உசிதம். தனியாகப் போகிற பிரயாணிக்குக் கிட்டாத பாக்கியம் அது.

எல்லோரும் பிரதான தேவாலயத்திலிருந்தோ டேவிட் சிலையிலிருந்தோ ஆரம்பிப்பார்கள். நான் சிபாரிசு செய்வது பார்ஜெல்லோ மாளிகையை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நகர அதிகாரியின் வாசஸ்தலமாக எழும்பி, பிற்காலத்தில் சிறைச்சாலையாகி, 1865-ல் அருங்காட்சியகமாக மாறிய அந்தக் கடுமையான கற்கட்டடத்தின் மேல்மாடி மண்டபத்தில், டொனாடெல்லோவின் சிற்பங்களுக்கு நடுவே, இரண்டு வெண்கலப் பலகைகள் அருகருகே மாட்டப்பட்டிருக்கின்றன. 1401-ஆம் வருஷம் ஞானஸ்நான மண்டபத்துக்குப் புதிய கதவு செய்ய ஜவுளி வர்த்தகர் சங்கம் அறிவித்த போட்டிக்கு லொரென்சோ கிபெர்ட்டியும் பிலிப்போ புருனெலெஸ்கியும் செய்து கொடுத்தவை இவை. இருவருமே அப்போது இருபது வயதைச் சற்றுத் தாண்டிய இளைஞர்கள். விஷயம் ஒன்றே: இறைவன் கட்டளைப்படி ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முற்படுவதும், தேவதூதன் வந்து தடுப்பதும். பாத்திரங்களும் நாலிதழ்ச் சட்டமும் இரண்டிலும் ஒன்றே.

புருனெலெஸ்கியின் பலகையில் ஆபிரகாம் மகனுடைய தலையைப் பிடித்து நெட்டித் தள்ளுகிறான். கத்தி கழுத்தை எட்டிவிட்டது. தேவதூதன் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டை இறுகப் பற்றியிருக்கிறான். ஒரு க்ஷணம் தாமதித்திருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். கீழே ஓர் ஓரத்தில், மேலே நடக்கும் பயங்கரத்தை அறியாத வேலைக்காரன் ஒருவன், குனிந்து உட்கார்ந்து தன் பாதத்தில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். கிபெர்ட்டியின் பலகையிலோ குறுக்கே சரிந்து இறங்கும் பாறை காட்சியை இரண்டாகப் பிரிக்கிறது; கத்தி ஓங்கியிருக்கிறது, இன்னும் தொடவில்லை; வானத்திலிருந்து வெளிப்படும் தேவதூதன் யாரையும் பற்றவில்லை; மண்டியிட்ட ஈசாக்கின் தேகம் பழைய ரோமானியச் சிலைகளின் லாவண்யத்தோடு ஒளிர்கிறது. வார்ப்பிலும் கிபெர்ட்டியே கெட்டிக்காரர். ஏறக்குறைய முழுவதையும் ஒரே வார்ப்பாக எடுத்ததால், அவர் பலகை மற்றதைவிடச் சுமார் 7 கிலோ எடை குறைவு.

பரிசு கிபெர்ட்டிக்குக் கிடைத்தது. முப்பத்துநாலு நடுவர்களும் ஒருமனதாகத் தமக்கே அளித்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். இருவரும் சேர்ந்து செய்யும்படி நடுவர்கள் கேட்டதாகவும் புருனெலெஸ்கி மறுத்துவிட்டதாகவும் புருனெலெஸ்கியின் சரித்திரத்தை எழுதிய மானெட்டி சொல்கிறார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதனால்தான் அங்கே போகச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியாகப் பத்து நிமிஷம் இரண்டையும் பார்த்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லட்டும். நான் கிபெர்ட்டியின் பக்கம். “இவ்வளவு அழகாக ஒரு தகப்பன் பிள்ளையைக் கொல்லப்போவானா? நீங்கள் அந்த முள் எடுக்கிறவனைப் பாருங்கள். உலகம் அப்படித்தானே இருக்கிறது?” என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு அந்த வேலைக்காரனை விட்டு என் கண் விலகவில்லை.

தோற்றவர் கட்டிய குவிமாடத்தைப் பார்க்க அதன்பின் போகலாம். 1296-ல் தொடங்கிய பிரதான தேவாலயத்தின் நடுவே, சுமார் 45 மீட்டர் அகலத்துக்கு ஆகாயம் தெரியும்படி விட்டிருந்த வாயை மூடுவது எப்படி என்று நூறு வருஷங்களுக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. அவ்வளவு பெரிய வளைவைத் தாங்கும் மரச்சாரம் அமைப்பது அசாத்தியமாக இருந்தது. கீழிருந்து முட்டுக் கொடுக்கும் சாரமே இல்லாமல், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரட்டை ஓடுகளை, செங்கற்களை மீன்முள் வரிசையில் ஒன்றையொன்று கவ்வும்படி அடுக்கி, வளையம் வளையமாக 1420-லிருந்து 1436-க்குள் எழுப்பி முடித்தார் புருனெலெஸ்கி. அந்த வேலையிலும் கிபெர்ட்டியையே சரிசமானமான மேற்பார்வையாளராக நியமித்துவிட்டார்களாம். வியாதி என்று புருனெலெஸ்கி படுத்துக்கொண்டதும் வேலை ஸ்தம்பித்தது என்றும், யாருடைய மூளை அதை நடத்துகிறது என்று அப்போது ஊருக்குத் தெரிந்தது என்றும் கதை.

தேவாலயத்தின் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் குவிமாடம் சரியாகத் தெரிவதில்லை. அங்கே கண்ணில் படும் அலங்கார முகப்பும் 1887-ல் முடிந்த பிற்காலத்து வேலைதான். வடகிழக்கே அனுன்ஸியாத்தா சதுக்கத்திலிருந்து செர்வி வீதி வழியாக நடந்து வாருங்கள். குறுகிய அந்த வீதியின் கோடியில், எட்டு வெண்ணிற விலா எலும்புகளும் செவ்வோட்டுச் சரிவுகளுமாக அது வீட்டுக் கூரைகளுக்கு மேல் எழுந்து, நெருங்க நெருங்கப் பெரிதாகி, கடைசியில் பார்வைக்கு அடங்காமல் போவது ஒரு தனி அனுபவம். உச்சிக்கு ஏற 463 படிகள், லிப்ட் கிடையாது, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். இரண்டு ஓடுகளுக்கும் இடையில் உள்ள சந்துதான் பாதை. மேலே போகப் போகச் சுவர் நம்மீது சாய்ந்துகொண்டே வருகிறது. மீன்முள் அடுக்கைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். முழங்கால் வலியுள்ளவர் ஏற வேண்டியதில்லை. ஒருவர் மேலே போயிருக்கும்போது மற்றவர் தேவாலயத்துக்குள் நுழைந்து, திரும்பி நின்று, தலைவாசலுக்கு மேலே 1443-ல் பாவ்லோ உச்செல்லோ வர்ணம் தீட்டிய கடிகாரத்தைப் பார்த்திருக்கட்டும். அதற்கு ஒரே முள். அதுவும் இடப்புறமாகச் சுற்றுகிறது. இருபத்துநாலு மணிகளும் சூரியாஸ்தமனத்தில் முடிகின்றன, அந்தக் காலத்து இத்தாலியர் நாளைக் கணித்தது அப்படி. கீழே இறங்கி வந்தவருக்குச் சொல்ல இவருக்கும் ஒரு விஷயம் கிடைத்துவிடும்.

வெளியே வந்து குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பார்த்தால், எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் சலவைக்கல் மாடவரிசை இருப்பதும் மற்றவை மொட்டையாக நிற்பதும் தெரியும். சுவர்க்கோழி அடைக்கிற கூண்டு என்று மைக்கலாஞ்சலோ இகழ்ந்ததால் வேலை நின்றுபோனதாகச் சொல்வார்கள். ஒரு கலைஞனுடைய ஆட்சேபத்தை மதித்து அரைகுறையாக விட்ட வேலையை, இன்றுவரை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும் ஊரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் சான் மார்க்கோ மடம். பெரும்பாலும் மதியத்தோடு மூடிவிடுவார்களாகையால் முதலில் இங்கேதான் வர வேண்டும். இங்கே வாதம் வேண்டாம். மாடிப்படியின் திருப்பத்தில் நிமிர்ந்ததும் எதிரே பிரா ஆஞ்சலிகோ தீட்டிய மங்கள வார்த்தைச் சித்திரம்: பல வண்ணக் கோடுகள் ஓடிய சிறகுகளோடு கபிரியேல் தூதன், அலங்காரமில்லாத மரமுக்காலியில் கன்னி மரியாள், பின்னால் கம்பியிட்ட சிறு ஜன்னல். அதற்கப்பால் இருபுறமும் தொமினிக் சபைத் துறவிகளின் சின்னஞ்சிறு அறைகள்; அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு சுவர்ச்சித்திரம். ஒரே ஒரு சித்திரத்தோடு ஓர் ஆயுளைக் கழித்தவர்களுக்காகத் தீட்டியவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் தனியாகப் போய், ஆளுக்கு ஒரே ஓர் அறையைத் தேர்ந்து அங்கேயே நின்றுவிடுவது நல்லது. எல்லா அறைகளையும் எட்டிப் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை.

அங்கிருந்து சில நிமிஷ நடையில் அக்காதெமியா. உள்ளே 1501-லிருந்து 1504 வரை மைக்கலாஞ்சலோ செதுக்கிய டேவிட். வேறு சிற்பிகள் ஆரம்பித்துக் கைவிட்ட சலவைக்கல் அது. தேவாலயத்தின் கூரையோரத்துக்கென்று செய்வித்த சிலை முடியும் தறுவாயில், அதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க 1504 ஜனவரியில் கூட்டம் கூட்டினார்கள். லியொனார்டோ டா வின்சியும் போட்டிச்செல்லியும் அதில் கலந்து அபிப்பிராயம் சொன்னார்கள். முடிவில் நகர ஆட்சி மாளிகையின் வாசலில் வைத்தார்கள். 1873-ல்தான் இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். தம்பதிகள் செய்ய வேண்டியது இதுதான்: ஒருவர் நேர் எதிரே நிற்கட்டும், மற்றவர் சிலை முகம் திருப்பியிருக்கும் பக்கம் போய், அதன் பார்வைக்கு எதிராக நிற்கட்டும். எதிரே நிற்பவருக்கு ஆயாசமில்லாமல் சாய்ந்து நிற்கும் சாந்தமான வாலிபன் தெரிவான். பக்கத்தில் நிற்பவருக்கோ, நெரிந்த புருவமும் விடைத்த நாசியுமாகப் பகைவனை அளந்துகொண்டிருக்கும் போர்வீரன். கண்டதைச் சொல்லிவிட்டு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் ஒரு காலைப்பொழுது மிஞ்சினால் அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். உபீத்ஸி சித்திரசாலைக்கு ஒருவர் போகட்டும், போட்டிச்செல்லியின் அறைகளோடு திரும்பட்டும். நகரின் மேற்குக் கோடியில், காஷீனே பூங்காவின் முடிவில், நம் தேசத்தவர் ஒருவரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஐரோப்பிய யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில் 1870-ல் இந்நகரில் இருபதாவது வயதில் காலமான கோலாப்பூர் மகாராஜா ராஜாராமின் தேகத்தை, ஆர்னோவும் முன்யோனே என்ற சிற்றாறும் கூடும் சங்கமத்தில், நம் சம்பிரதாயப்படி தகனம் செய்ய ஊரார் அனுமதித்தார்கள். 1874-ல் அங்கே நம் பாணி விதானம் ஒன்றின்கீழ் அவர் உருவச்சிலையை வைத்தார்கள். நடக்கச் சலிக்காதவர் போய்வரலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் இருவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். நதியின் தென்கரையில், கார்மினே தேவாலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயத்தில், நுழைவிடத்து இரு தூண்களிலும் ஆதாமும் ஏவாளும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு தூணில் மசோலினோ தீட்டிய தம்பதி, கனியைப் புசிக்கப் போகும் வேளையிலும் கலக்கமற்ற முகங்களோடு, ராஜசபையில் நிற்பவர்களைப் போல நிற்கிறார்கள். எதிர்த்தூணில், இருபத்தேழு வயதை எட்டுவதற்கு முன்போ எட்டியபோதோ இறந்துபோன மசாச்சோ தீட்டிய அதே தம்பதி, தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வெளியேறுகிறார்கள். அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருக்கிறான், அவள் வாய் திறந்து கதறுகிறாள். இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எந்தத் தூணின் பக்கம் நிற்பது என்று நீங்கள் தீர்மானிக்க அதிக நேரம் கிடைக்காது. ஒரு வேளைக்குச் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள், சீக்கிரமே வெளியேறச் சொல்லிவிடுவார்கள். சீட்டை ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.