பூலோக வைகுண்டம் என்னும் முறையீடு: 'ஓ ரங்கசாயீ' க்ருதியின் வாக்யார்த்தம்

ஸ்ரீ த்யாகராஜஸ்வாமி (1767–1847) திருவரங்கத்தெம்பெருமான் விஷயமாகத் தெலுங்கில் இயற்றிய ஐந்து க்ருதிகள் ஸ்ரீரங்க பஞ்சரத்நம் என வழங்கிவருகின்றன. அவர் ஸ்ரீராமனுக்கு ஆட்பட்டவர். நம் ஸம்ப்ரதாயத்தில் அந்வயித்தவர் அல்லர். ஆதலால் பூர்வாசார்யர்களின் வ்யாக்யாந முறையை இக்க்ருதிகளில் செலுத்துவது தகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். சொல்லை வாக்யத்தோடும், வாக்யத்தைச் சொல்பவனுடைய தசையோடும் சேர்த்து நோக்குவதே அம்முறை. அது விடப்பட்டதனால் பொருள் தலைகீழாகிவிட்ட இடம் ஒன்று இவ்வைந்தனுள் உண்டு.

ஆரபியில் அமைந்த 'ஜூதாமு ராரே' தோழியரை அழைத்து, ஸீதாபதியும் பூஜித்த ரங்கபதியைக் காணச் செல்வதாக அமைந்தது. பெரிய பெருமாள் இக்ஷ்வாகு குலதனம் என்னும் ஐதிஹ்யம் ஒரு ராமபக்தருடைய வாக்கில் இங்ஙனம் வெளிப்படுவது தனிச்சுவை. தோடியில் அமைந்த 'ராஜு வெடல', குதிரையேறிச் சித்திரை வீதியில் எழுந்தருளும் நம்பெருமாளைக் காட்டுகிறது. ஸாரங்க ராகத்தில் அமைந்த 'கருண ஜூடவய்ய' காவேரியோடு சேர்த்தே ரங்கனை விளிக்கிறது. (சேர்வராயன் மலைக் குகைக்கோயிலிலும் சேர்வராயனோடு காவேரியம்மனை வைத்து வணங்குவர், ஆற்றையும் தெய்வத்தையும் பிரித்து எண்ணாமை இந்நாட்டார் இயல்பு.) தேவகாந்தாரியில் உள்ள 'வினராதா' பற்றி, கூட்டத்தில் ஒதுக்கப்பட்ட ஸ்வாமிக்காக வாஹனம் நகராது நின்றது என்னும் கர்ணபரம்பரைச் செய்தி உண்டு.

காம்போதியில் அமைந்த 'ஓ ரங்கசாயீ'யே இங்கு விசாரத்துக்குரியது. அழைத்தால் 'ஓ' என்று விடை கூறி வரலாகாதோ என்பது பல்லவியின் கருத்து. விளியாகிய ஓகாரமே விடையாகவும் வேண்டப்படுகிறது. அர்ச்சாவதாரத்தின் உயிர்நிலை ஸௌலப்யம். அந்த ஸௌலப்யத்தையே இக்க்ருதி தொடக்கத்திலேயே கேள்விக்கு உள்ளாக்குகிறது.

கச்சேரி மேடைகளில் இதன் சரணத்தில் 'பூலோக வைகுண்டம்' என்னும் சொற்றொடரை எடுத்து நிரவல் செய்வது பெருவழக்கு. கேட்போர் அதனைக் க்ஷேத்ர மஹிமையாகக் கொண்டு உருகுவர். ஆயின் அவ்வாக்யம் அங்கு முடியவில்லை. இது பூலோக வைகுண்டம் என்று தனக்குள் தானே பூரித்து, திருவோடு ஈடுபட்டிருந்துவிட்டால் எங்கள் கவலை என்று தீரும் என்பதே முழுக்கருத்து. ஆக, மஹிமை என்று பாடப்படுவது குற்றச்சாட்டின் முற்கூறேயாகும். வினையெச்சத்தில் வாக்யத்தை முறித்து, எஞ்சியதைப் பலமுறை மடக்கிப் பாடினால், முறையிடுபவன் மறைந்துபோகிறான். ராகத்தின் வளம் கருதியே பாடகர் இவ்விடத்தைத் தேர்கின்றனர் எனினும், ஸாஹித்யத்துக்கு நேரும் ஹாநி சிறிதன்று.

முறையீடு இறைவனை இழிப்பதாகாதோ எனின், ஆகாது. திருவிந்தளூரில் காட்சி கிட்டாத திருமங்கையாழ்வார் எம்பெருமானோடு ஊடிப் பேசுவது பெரிய திருமொழியில் (4.9) உண்டு. நம்மாழ்வாரின் 'மின்னிடை மடவார்' (6.2) ப்ரணயரோஷமாகவே வ்யாக்யாநிக்கப்படுகிறது. இவற்றினும் அணுக்கமானது, அவ்வாழ்வார் திருவரங்கத்துக்கே அருளிச்செய்த 'கங்குலும் பகலும்' (7.2). அங்கே திருத்தாயார், தன் மகள் திறத்தில் என் செய்யத் திருவுள்ளம் என்று அரங்கனையே வினவுகிறாள். திருவரங்கத்து எம்பெருமான்முன் துதியைவிடக் கேள்வியே ஆர்த்தியை மிக உணர்த்தும் என்பதற்கு அதுவே ப்ரமாணம்.

ஆயினும் ஓர் ஆக்ஷேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிராட்டியின் ஸாந்நித்யம் சேதநனுக்குப் பலமாவதன்றித் தடையாவதில்லை. புருஷகாரம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் விரிப்பதும் அதனையே. அவ்வாறிருக்க, திருவோடு ஈடுபட்டிருப்பதால் எங்களை மறந்தாய் என்பது ஸித்தாந்தத்துக்கு ஒவ்வாததே. ரோஷத்தில் பிறந்த சொல் என்று இதற்கு ஸமாதாநம் கூறலாம். அது பாதி ஸமாதாநமே.

எஞ்சிய பாதியைச் சரணத்தின் பிற்பகுதி தருகிறது. பிறர் நலம் பொறாதாரிடையே மிக நொந்து, உன் திவ்யரூபத்தையும் முத்துச்சரங்கள் தவழும் திருமார்பையும் காண வந்தேன் என்று அங்கே விண்ணப்பம் செய்யப்படுகிறது. அணைக்கும் கைகளையோ, சரணம் புகத் திருவடிகளையோ வேண்டாது மார்பைக் காண வேண்டியது நோக்கத்தக்கது. அம்மார்பு பிராட்டி பிரியாது உறையும் இடமன்றோ! எவளிடத்து ஈடுபாட்டைக் குறையாகச் சொன்னாரோ, அவள் இருப்பிடத்தையே கடைசியில் நாடுகிறார். 'கங்குலும் பகலும்' ஒன்பதாம் பாசுரத்தில் தலைமகளும் மற்றெல்லாம் சொல்லி ஓய்ந்தபின் திருமகள் சேர்ந்த மார்பை இட்டே அவனை அழைக்கிறாள். த்யாகராஜர் அப்பாசுரத்தைக் கற்றவர் என்று இதனால் ஸாதிக்க வேண்டுவதில்லை. நிரவல் 'பூலோக வைகுண்டம்' என்றவளவில் நில்லாது கவலை தீரும் நாளைக் கேட்கும் இடம் வரை செல்லுமாயின், அதன்பின் அத்திருமார்பு வரும் இடத்தில் கேட்போர் செவி தானே சென்று தங்கும்.